வாராத பொருளும் வங்கி அட்டையும்: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை

தீபாவளிக்கு இரண்டு திங்கள் இருக்கும்போதே சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள லாரி செட்டுகளில் பட்டாசுப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கப்பட்டிருப்பதை நம் மாவட்டத்தார் ஆண்டுதோறும் காண்கின்றனர். 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்த பின்னர், வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் வேரூன்றின. சிவகாசிச் சரக்கு என்றால் முகம் பாராமலே முன்பணம் அனுப்பலாம் என்ற நாணயம் பல தலைமுறையினரின் உழைப்பால் உண்டானது.

அந்த நாணயத்தையே இன்று வேறு சிலர் தங்கள் முதலாகக் கொண்டுள்ளனர். பட்டாசுக் கடைகளின் படங்களை எடுத்துப் போலி இணையதளம் அமைத்து, குறைந்த விலைப் பட்டியலை வெளியிட்டு, பணம் வந்து சேர்ந்ததும் கைப்பேசியை அணைத்துவிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன்னர்த் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு இத்தகைய போலித் தளங்களைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. பணத்தை இழந்த குடும்பம் சென்னையிலோ கோவையிலோ இருக்கலாம். ஆனால் "சிவகாசிக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்ற சொல் இங்குள்ள தொழிலாளி வரை வந்து சேர்கிறது. மறுபுறம், நம் கிராமவாசிகளும் இன்று கைத்தெளிப்பான், நீரேற்றும் மோட்டார், விதை, கைப்பேசி முதலியவற்றை இணையத்தின் வழியே வாங்குகின்றனர். பொருள் வாராமலோ பழுதுற்றோ போனால், கொடுத்த பணம் போனதுதான் என்று வாளாவிருப்போரே அதிகம். அது தேவையற்ற நட்டம். பணம் எவ்வழியே சென்றதோ, அவ்வழியைப் பொறுத்து அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் அமைகிறது.

பணம் சென்ற வழி

முற்காலத்தில் வி.பி. தபாலில் பொருள் வரவழைத்தவர்கள் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தைப் பெற்றனர். பொருள் கைக்கு வந்த பின்னரே பணம் கைவிட்டுப் போயிற்று. இன்று முறை தலைகீழாக மாறிவிட்டது. பணம் முதலில் செல்கிறது, பொருள் பின்னர் வருகிறது. இந்த இடைக்காலத்தில் வாங்குவோருக்குத் துணை நிற்பது யார் என்பதே கேள்வி.

கடன் அட்டை அல்லது பற்று அட்டை கொண்டு பணம் செலுத்தும்போது நான்கு தரப்பினர் அதில் சம்பந்தப்படுகின்றனர். அட்டையை வைத்திருப்பவர் ஒருவர், அதை அவருக்கு அளித்த வங்கி மற்றொன்று, விற்பனையாளர் மூன்றாமவர், அவருக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வங்கி நான்காவது. இவ்விரு வங்கிகளுக்கும் இடையே விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகிய அட்டை அமைப்புகளில் ஒன்று நின்று கணக்குத் தீர்க்கிறது. "பொருள் வரவில்லை", "வந்த பொருள் பழுதானது", "சொன்னது வேறு, அனுப்பியது வேறு", "திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை" என்னும் காரணங்களில் ஏதேனும் ஒன்றைக் காட்டி, அட்டைதாரர் தம் வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்கலாம். வங்கி அதை அட்டை அமைப்பின் வழியே விற்பனையாளரின் வங்கிக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பக் கோரும். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். வங்கிக் கிளையில் இச்சொல்லையே கூறலாம். அலுவலர் உடனே புரிந்துகொள்வார்.

மேல்நாடுகளில் இவ்வுரிமைக்குச் சட்டத்தின் பின்பலம் உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1974-ஆம் ஆண்டிலேயே இது குறித்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிரிட்டிஷ் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால், விற்றவரோடு அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். நம் நாட்டில் அவ்வாறு வங்கியையும் கூட்டுப் பொறுப்பாளியாக்கும் தனிச் சட்டம் இல்லை. அட்டை அமைப்புகளின் விதிகளும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளுமே இங்கு ஆதாரம். ஆகவே வங்கியிடம் சென்று "நீங்களே பணம் கொடுங்கள்" என்று வாதாடுவதால் பயனில்லை. "என் மறுப்பைப் பதிவு செய்து, சார்ஜ்பேக் கோரிக்கை அனுப்புங்கள்" என்று எழுத்து மூலம் கேட்பதே முறை.

காலக்கெடு மிக முக்கியம். பொதுவாக, பொருள் வந்து சேர வேண்டிய நாளிலிருந்தோ பழுதான பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ 120 நாட்கள் வரை இக்கோரிக்கைக்கு இடமுண்டு என்பது பெரிய அட்டை அமைப்புகளின் விதி. எனினும் தங்களிடம் இன்னும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டுமெனக் கேட்கும் வங்கிகள் உண்டு. ஆதலின் 120 நாள் இருக்கிறதென்று அறுவடை முடியும்வரை காத்திருப்பது தவறு. கணக்குப் பட்டியல் வந்த மாதத்திலேயே எழுதிவிடுவது நலம்.

ஒரு தெளிப்பானின் கதை

வெம்பக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், பருத்திக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான் ஒன்றை இணையக் கடையொன்றில் 6,500 ரூபாய்க்குக் கடன் அட்டையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்டி வந்தது, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தொட்டியின் அடியில் ஒழுகுகிறது. அவர் செய்யத்தக்கது யாது?

முதலில், அதை ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. நம்மவர்க்கு இது கடினமான யோசனைதான். கைவசம் எம்-சீல் இருக்கும், பருவமோ தவறுகிறது, எனவே அடைத்து வேலையை முடிப்போம் என்றே தோன்றும். ஆனால் நாமே பழுதுபார்த்துப் பயன்படுத்திய பொருளைப் பழுதான பொருள் என்று பின்னர் நிரூபிப்பது அரிது. ஒழுகும் இடத்தையும், பெட்டியின் மேலுள்ள முகவரிச் சீட்டையும், வரிசை எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே படமெடுத்திருந்தால் மேலும் நல்லது.

அடுத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் பேசியது மட்டும் சான்றாகாது; மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையக் கடை ஒவ்வொன்றும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். அவ்வலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். இக்கடிதத்தில் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு விற்றவரைக் கேட்பது அவசியம். பழுதான பொருளைத் திருப்பி அனுப்பினோம், அல்லது அனுப்ப முன்வந்தோம் என்று காட்டாவிடில் சார்ஜ்பேக் கோரிக்கை பெரும்பாலும் நிற்பதில்லை. பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்பது நியாயமன்று என்பது நம் சந்தையிலும் உள்ள வழக்கமே. திருப்பி அனுப்பினால், கூரியர் ரசீதைத் தொலைத்துவிடக் கூடாது.

விற்றவர் மறுத்தாலோ மறுமொழி தராவிட்டாலோ வங்கியை அணுகலாம். வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ மறுப்புப் படிவம் இருக்கும். அது கைவராதவர்கள் கிளையில் கடிதமாகவே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளலாம். கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"ஐயா, என் அட்டையின் கடைசி நான்கு எண்கள் ........ இவ்வட்டையில் ........ தேதியன்று ........ என்ற பெயரில் ரூ. ........ பற்று எழுதப்பட்டுள்ளது. இது விசைத்தெளிப்பான் ஒன்றின் விலை. ........ தேதியன்று வந்த பொருளின் தொட்டி ஒழுகியது. ........ தேதிகளில் விற்பனையாளருக்கு எழுதி, பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டேன். அவர் பணத்தைத் திருப்பவில்லை. இப்பற்றை நான் மறுக்கிறேன். சார்ஜ்பேக் கோரிக்கை எழுப்பி, அதன் பதிவு எண்ணை எனக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பட்டியல், படங்கள், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்."

அட்டையின் முழு எண்ணையோ பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையோ எக்கடிதத்திலும் எழுதலாகாது.

கோரிக்கை சென்றபின், சில வங்கிகள் தற்காலிகமாகத் தொகையை வரவு வைக்கும். இது முடிவான வரவன்று. விற்பனையாளர் தம் தரப்புச் சான்றை அளித்து வங்கியை ஏற்கச் செய்துவிட்டால் அத்தொகை மீண்டும் பற்றெழுதப்படும். பொருள் வரவில்லை என்ற வழக்கில் அவர் காட்டும் முதற் சான்று, பொருளைப் பெற்றுக்கொண்டதாக நாம் இட்ட கையொப்பமோ கூறிய எண்ணோதான். பெட்டி கைக்கு வருமுன் கையொப்பம் இடுவதும், வாசலில் நிற்கும் பையனுக்கு நேரமில்லை என்பதற்காக எண்ணை முன்கூட்டிச் சொல்வதும் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்வதாகும்.

வழக்கு நடக்கும்போது கடன் அட்டைக் கணக்கை எப்படிச் செலுத்துவது என்ற ஐயம் பலருக்கு எழும். ஒரு பொருளின் மீது தகராறு என்பதற்காக அம்மாதத் தொகை முழுவதையும் நிறுத்திவைக்கக் கூடாது. தகராறில்லாத தொகையை உரிய நாளில் செலுத்திவிட வேண்டும். தகராறுத் தொகைக்கு வட்டி நிறுத்தப்படுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கடன் அட்டைகளில் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் வட்டி பிடிக்கும் அட்டைகள் பல உள்ளன. ஊர்க் கைமாற்றிலேயே மூன்று வட்டி என்றால் நாம் யோசிக்கிறோமல்லவா? ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட நெறிமுறை, கணக்குப் பட்டியலை மறுப்பவருக்கு 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆவணச் சான்றும் தர வேண்டுமென்றும், மோசடி என்று மறுக்கப்பட்ட தொகைக்குத் தீர்வு காணும்வரை கட்டணம் விதிக்கக் கூடாதென்றும் கூறியது. பொருளைத் தவணையில் வாங்கியிருந்தால், பணம் திரும்பியபின் தவணைக் கணக்கு முடிக்கப்பட்டதா என்பதையும் தனியே விசாரிக்க வேண்டும்.

விவசாயிகள் வைத்திருக்கும் கிசான் கடன் அட்டை இதிலிருந்து சற்று வேறுபட்டது. 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அத்திட்டம் பயிர்க்கடனைச் சார்ந்தது. அக்கணக்கிற்கென அளிக்கப்படும் ரூபே அட்டையைக் கொண்டு கடையில் பொருள் வாங்கினால், பணம் பயிர்க்கடனிலிருந்து போகிறது. பழுதான பொருளுக்காகப் போன தொகைக்கும் வட்டி ஓடும். உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்குரிய வட்டிச் சலுகை இத்தகராற்றால் தவறிவிடாதபடி கிளை மேலாளரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவைப்பது நல்லது.

இதுவரை கூறியது நாமே மனமறிந்து செலுத்திய பணத்தைப் பற்றியது. நமக்குத் தெரியாமலே யாரோ அட்டையிலிருந்து பணம் எடுத்திருந்தால் அதற்கு விதி வேறு. 2017 சூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையில்லாமல் வெளியார் செய்த திருட்டாயின், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டப் பொறுப்பு இல்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிக் கொடுத்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை உண்டான நட்டத்தைத் தாமே ஏற்க வேண்டும். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்குச் சேராமல் இடையில் நின்றுவிட்டால் அது தானாகவே திரும்ப வேண்டும். 2019 செப்டம்பரில் வெளியான நெறிமுறை இதற்குக் கெடு நாள் விதித்து, தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவும் செய்தது.

பட்டாசுக்கு வருவோம்

பட்டாசு மோசடியில் அட்டை அரிதாகவே பயன்படுகிறது. "ஜிபே பண்ணிவிடுங்கள்" என்று ஒரு கைப்பேசி எண்ணே கொடுக்கப்படுகிறது. யு.பி.ஐ. முறையில் தனியாள் ஒருவரின் கணக்கிற்கு நாமே பின் எண்ணை இட்டு அனுப்பிய பணம், ரொக்கத்தைக் கையில் கொடுத்ததற்கு ஒப்பானது. சார்ஜ்பேக்கின் துணை அங்கே பெரும்பாலும் கிட்டுவதில்லை. முறையான வணிகர் கணக்கிற்குச் சென்றிருந்தால் மட்டும், செயலியிலேயே அப்பரிவர்த்தனையின் மீது புகார் பதிந்து பார்க்கலாம். போலிக் கடைக்காரர் அட்டையை ஏன் தவிர்க்கிறார் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இத்துடன் சட்ட நிலையையும் அறிய வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. அதனால்தான் சிவகாசியின் முறையான வியாபாரிகள் பலர், தம் தளத்தில் விலைப்பட்டியல் மட்டும் வெளியிட்டு, வேண்டுவன குறித்து அனுப்பினால் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம் என்று அறிவிக்கின்றனர். பட்டாசைத் தபாலில் அனுப்ப இயலாது. ரயிலில் பயணி எடுத்துச் செல்வதற்கும் தடையுண்டு. சரக்கு லாரி செட் வழியேதான் செல்லும். பெறுபவர் தம் ஊர் செட்டுக்குச் சென்று எடுத்துக்கொள்ள வேண்டும். "அட்டையில் கட்டுங்கள், கூரியரில் வீட்டு வாசலுக்கே வரும்" என்று கூறும் தளத்தைக் கண்டால் அப்பொழுதே ஐயுறலாம். தள்ளுபடி விகிதத்தைக் கொண்டு மட்டும் போலியை இனங்காண முடியாது. நம் ஊர் நல்ல கடைகளின் பட்டியலிலேயே 80 விழுக்காடு தள்ளுபடி அச்சிடும் வழக்கம் இருக்கிறது. இவ்வழக்கம் போலிகளுக்கு வசதியாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அட்டை, யு.பி.ஐ. எதுவாயினும் இவ்வெண் பொருந்தும். பணம் சென்ற கணக்கை அடுத்தடுத்த வங்கிகள் முடக்குவதற்கு இங்கிருந்துதான் செய்தி போகிறது. மோசடிக்காரர் அத்தொகையைச் சில மணி நேரத்திலேயே பல கணக்குகளுக்குச் சிதறடித்துவிடுவார். ஆதலின் இதில் நாள் கணக்கு உதவாது, நாழிகைக் கணக்கே உதவும். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பின்னர் அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்திலோ விவரமாகப் புகார் தரலாம். முடக்கப்பட்ட தொகை உரிய நடைமுறைக்குப் பின்னரே திரும்பும்.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டாம் முறை ஏமாற்றுவோரும் உளர். வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்குப் பேசினால், எதிர்முனையில் இருப்பவரே திருடராயிருக்கக்கூடும். அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணையே நம்ப வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் எண் இடவேண்டியதே இல்லை, கியூ.ஆர். கட்டத்தைப் படமெடுக்க வேண்டியதும் இல்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. மோசடிப் பணம் வந்து இறங்குவதற்கு ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, ஏழைத் தொழிலாளர்கள், மாணவர்களின் கணக்குப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை வாடகைக்கு வாங்கும் தரகர்கள் உள்ளனர். பட்டாசு ஆலைகளில் வேலை நின்றிருக்கும் மாதங்களில் இந்த ஆசை எளிதில் பற்றிக்கொள்ளும். கணக்கு முடங்கும்போது அதில் வரும் நூறுநாள் வேலைக் கூலியும் சேர்ந்தே முடங்குகிறது. விசாரணைக்குச் செல்வதும் கணக்கின் சொந்தக்காரரே.

வங்கி மறுத்தால்

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் தாமதமின்றி முறையிடலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி கேட்டறியலாம். ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும். முன்சொன்ன முத்திரையிட்ட நகல் இங்கேதான் பயன்படுகிறது.

விற்பனையாளர்மீது வழக்குத் தொடுக்க நுகர்வோர் ஆணையம் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்குரிய ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய நன்மை யாதெனில், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கடை டில்லியில் இருந்தாலும் நாம் டில்லிக்குச் செல்ல வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். நிகழ்ச்சி நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தால், வழக்கில்லாமலே சில கடைகள் பணத்தைத் திருப்பிவிடுகின்றன.

சாகுபடிக்கு வாங்கியது வியாபார நோக்கமுள்ளது என்று விற்பனையாளர் வாதாடக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பழுதான விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று 2012-ஆம் ஆண்டில், தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தம் பிழைப்புக்காகத் தாமே உழைத்து நடத்தும் தொழிலுக்கு வாங்கும் பொருளும் சட்டத்தின் பாதுகாப்பில் அடங்கும். தெளிப்பான் வாங்கிய விவசாயியும் இவ்வகையைச் சேர்ந்தவரே.

ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று நடைபெறும் கிராமசபைக் கூட்டம் தீபாவளிக்கு முன்னர் வருவது நல்வாய்ப்பு. அதில் அரை மணி நேரம் ஒதுக்கி, அருகிலுள்ள வங்கிக் கிளையின் அலுவலர் ஒருவரை அழைத்து, மறுப்புப் படிவம் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் நிரப்பிக் காட்டச் செய்யலாம். 1930, 1915, 14448 ஆகிய மூன்று எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும், ரேஷன் கடையிலும், ஊரிலுள்ள பட்டாசுச் சீட்டு நடத்துவோரின் கடைகளிலும் எழுதி வைக்கச் செய்வதற்கு ஒரு டப்பா வண்ணமும் ஒரு நாள் கூலியுமே செலவாகும்.